உலகக் கோர்ட்டு வக்கீல்

உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை எண்ணெய் வழிய, குற்றாலம் பேரருவியில் நின்றுகொண்டு, ஐ.நா. சாசனத்தில் தற்காப்பைப் பற்றிச் சொல்லும் ஐம்பத்தொன்றாவது ஷரத்தை விளக்கிய ஒரே மனிதரை எனக்குத் தெரியும். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அவருடைய உறவினர்கள் யாராவது மானநஷ்ட வழக்குப் போடுவார்கள். எனக்காக வாதாட நானே போக வேண்டியிருக்கும். அந்த ஆபத்தை எதிராளிக்குக்கூட நான் விரும்பமாட்டேன்.

அவரும் நானும் தென்காசி முன்சீப் கோர்ட்டில் வக்கீல்கள். அவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், எங்களுக்கெல்லாம் அண்ணாச்சி. நான் வக்கீல் என்று என் கறுப்பு அங்கி சொல்லிக்கொண்டிருந்தது. கட்சிக்காரர்கள் யாரும் அதை உறுதிப்படுத்தவில்லை. அவருக்குக் கட்சிக்காரர்கள் உண்டு. வரப்பு, வாய்க்கால், பொதுச்சுவர், பக்கத்து வீட்டுக் கூரைமேல் விழுந்த தென்னை மட்டை என்று அன்றாடத் தகராறுகள்தான். ஆனால் மனிதரின் மனசு அங்கே இல்லை. சென்னையில் சட்டம் படித்தபோது பழைய புத்தகக் கடையில் சர்வதேசச் சட்டம் பற்றி ஒரு தடித்த புத்தகம் வாங்கியிருக்கிறார். அன்றைக்குப் பிடித்த பித்து. கோட்டுப் பையில் ஐ.நா. சாசனம் ஒரு சின்னப் புத்தகமாக எப்போதும் இருக்கும். மற்ற வக்கீல்கள் அந்தப் பையில் பொடி டப்பா வைத்திருந்தார்கள். ஊரில் அவருக்கு ‘உலகக் கோர்ட்டு’ என்று பெயர். வண்டிக்காரனிடம் ‘உலகக் கோர்ட்டு வீட்டுக்குப் போ’ என்றால் போதும், கூலி பேசாமல் கொண்டுபோய் விடுவான்.

பேரருவிச் சமாசாரம் இதுதான். சாரல் காலத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம். கோர்ட்டு முடிந்து வக்கீல்கள் நாலைந்து பேர் குளிக்கப் போயிருந்தோம். அண்ணாச்சி பாறையில் உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துவிடுகிறவரிடம் உடம்பை ஒப்படைத்திருந்தார். அருவியில் தண்ணீர் கனமாக விழுகிற இடத்துக்காக மதுரைப் பக்கத்துக் கூட்டம் ஒன்றும் கொல்லத்துக் கூட்டம் ஒன்றும் தள்ளுமுள்ளு செய்துகொண்டிருந்தன. ஒருவன் கை ஓங்கினான். அண்ணாச்சி பாதித் தேய்ப்பில் எழுந்து, இடுப்புத் துண்டோடு இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் போய் நின்றார். நின்று, விசாரணையைத் தொடங்கிவிட்டார். முதலில் கை வைத்தது யார், அப்படி வைக்கும்படி என்ன அவசரம் வந்தது, அந்தப் பக்கம் இருக்கும் போலீஸ்காரரைக் கூப்பிட நேரம் இல்லாமலா போயிற்று என்று கேள்வி. இரண்டு பக்கத்தாரும் அவரைப் பிடித்து விலக்கப் பார்த்தார்கள். பிடிக்க வேண்டுமே. தோளைப் பற்றினால் கை வழுக்கியது, இடுப்பைப் பற்றினால் ஆளே வழுக்கிக்கொண்டு மறுபடி நடுவில் வந்து நின்றார். கடைசியில் மதுரைக்காரன் சிரித்துவிட்டான். அதோடு சண்டை போயிற்று. ஐ.நா. படைக்கு நீலத் தொப்பிக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு படி நல்லெண்ணெய் கொடுக்கலாம் என்று நான் அன்றைக்கு ஒரு ஹாஸ்யம் சொன்னேன். அந்த ஹாஸ்யத்தை அப்புறம் நான் எங்கும் சொல்லவில்லை.

அவரிடம் மூன்று கேள்விகள் இருந்தன. உலகத்தில் எங்கே எந்த அடி விழுந்தாலும், நியாயம் சொல்லும் முன் மூன்று விரலை நீட்டி, ஒவ்வொன்றாக மடக்குவார். ஆபத்து வாசல் வரைக்கும் வந்து நின்றதா. அடிப்பதைத் தவிர வேறு வழி இல்லாமல் போயிற்றா. அடித்த அடி அளவோடு இருந்ததா. மூன்றுக்கும் ஆமாம் என்றால்தான் அது தற்காப்பு. ஒன்றுக்கு இல்லை என்றாலும் வெறும் அடி. இதை அவர் வல்லரசுகளுக்கும் கேட்டார், ஓட்டலில் சப்ளையரை அறைந்த முதலாளிக்கும் கேட்டார். சந்தையில் சைக்கிள் திருடியவனைப் பத்துப் பேர் சேர்ந்து உதைத்தபோது நடுவில் புகுந்து மூன்றாவது கேள்வியைக் கேட்டதில், இவருக்கும் இரண்டு உதை விழுந்தது. அது யாருடைய சைக்கிள் என்று நினைக்கிறீர்கள்? அவருடையதுதான்.

இந்தக் கேள்விகளால் அவருக்கு வருமானம் குறைந்ததை நான் நேரில் பார்த்தவன். குறைந்ததில் ஒரு பகுதி என்னிடம் வந்தது. சுந்தரபாண்டியபுரத்திலிருந்து ஒரு சம்சாரி வந்தார். அவருக்கும் பக்கத்து வயல்காரருக்கும் தண்ணீர் திருப்புவதில் நாள்பட்ட பகை. ஒருநாள் விடியற்காலம் இவர் மண்வெட்டிக் கணைக்கட்டையோடு போய், வாய்க்கால் கரையில் பல் விளக்கிக்கொண்டிருந்த பக்கத்து வயல்காரரின் கையை முறித்துவிட்டார். ஏன் என்று அண்ணாச்சி கேட்டதற்கு, ‘அவன் வீட்டுல கம்பு சீவிக்கிட்டு இருந்தான் அண்ணாச்சி. இன்னைக்கி இல்லாட்டா நாளைக்கி அடிச்சிருப்பான். அதான் நான் முந்திக்கிட்டேன்’ என்றார். அண்ணாச்சி முதல் விரலை மடக்கவே இல்லை. கம்பு சீவுவது ஆபத்தின் அறிகுறி, ஆனால் கம்பு இன்னும் வீட்டுக்குள்தானே இருந்தது என்றார். குற்றத்தை ஒப்புக்கொண்டு, வைத்தியச் செலவைக் கொடுத்துச் சமாதானமாகப் போகச் சொன்னார். சம்சாரிக்கு வந்த கோபத்தில், ‘நீரு எனக்கு வக்கீலா, அவனுக்கு வக்கீலா’ என்று கேட்டுவிட்டு நேரே என் மேஜைக்கு வந்தார். நான் தற்காப்பு என்று முழங்கினேன். எதிராளியின் பல்குச்சியையே ஆயுதமாக்கிக் காட்டினேன். அவருக்கு ஆறு மாதம் வாங்கிக் கொடுத்தேன்.

ஐம்பத்தாறாம் வருஷம் நவம்பர் பிறந்தபோது எங்கள் பக்கத்தில் ஓர் எல்லை நகர்ந்தது. திருவிதாங்கூரோடு இருந்த செங்கோட்டை சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. அண்ணாச்சியின் ஒரே தங்கையை அங்கேதான் கொடுத்திருந்தது. சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். ஒரு மகன், கொஞ்சம் வயல். ‘என் தங்கச்சி இருந்த இடத்த விட்டு எந்திரிக்கவே இல்ல வே, ராஜ்யம் மாறிட்டு’ என்று அண்ணாச்சி குதூகலித்துக்கொண்டிருந்த அதே வாரத்தில், இஸ்ரேலும் பிரிட்டனும் பிரான்சும் எகிப்தின்மேல் படையெடுத்த செய்தி வந்துகொண்டிருந்தது. ஓர் எல்லை பட்டாசுச் சத்தம்கூட இல்லாமல் காகிதத்தில் நகரும் என்பதற்கு அவரிடம் செங்கோட்டை சாட்சியாக இருந்தது. நாங்கள் அதை இரண்டு நாள் கேட்டோம். அவர் பத்து வருஷம் சொன்னார்.

அந்தச் சண்டையை நிறுத்தத்தான் ஐ.நா. ஒரு படையை அனுப்பியது. அதில் நம் சிப்பாய்களும் போனார்கள். சண்டை போடப் போகாத பட்டாளம் என்பது வக்கீல்கள் அறையில் எல்லோருக்கும் வேடிக்கையாக இருந்தது. அண்ணாச்சிக்கு அது கோயில் கும்பாபிஷேகம் மாதிரி. முதல் விரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் நடுவில் நிற்பதற்கு உலகம் ஆள் அனுப்பியிருக்கிறது என்று சொன்னார். யாருடைய நிலத்தில் நிற்கிறார்கள் என்று நான் குறுக்குக் கேள்வி கேட்டேன். என் வாழ்க்கையில் நான் கேட்ட ஒரே நல்ல குறுக்குக் கேள்வி அது, கோர்ட்டுக்கு வெளியே வீணாகிவிட்டது. எகிப்து சம்மதித்ததால் எகிப்தின் பக்கம் நிற்கிறார்கள், இஸ்ரேல் தன் பக்கம் கால் வைக்கக் கூடாது என்றுவிட்டது, அதுவும் அதன் உரிமைதான் என்றார் அவர்.

வக்கீல்கள் அறையில் பாதிப் பேர் அரபுக் கட்சி, பாதிப் பேர் இஸ்ரேல் கட்சி. இரண்டு கட்சிக்கும் அவரைப் பிடிக்காது. வீட்டை விட்டுத் துரத்தப்பட்டு முகாமில் கிடப்பவனுக்கு ஊர் திரும்ப உரிமை உண்டு என்பார். அரபுக் கட்சி மேஜையைத் தட்டும். அதற்காக ராத்திரி எல்லை தாண்டிப் போய்ப் பஸ்ஸில் வருகிறவனைச் சுட உரிமை கிடையாது என்பார். இஸ்ரேல் கட்சி தட்டும். அதற்குப் பதில் என்று ஒரு கிராமத்தையே தகர்க்க இவனுக்கும் உரிமை இல்லை என்று முடிப்பார். யாரும் தட்டமாட்டார்கள்.

தங்கையின் மகன் பி.ஏ.யில் இரண்டு தடவை தவறிவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்து, சிக்னல்ஸ் பிரிவில் நாயக்காக இருந்தான். அறுபத்தாறில் அவனுடைய ஒப்பந்தக் காலம் முடிகிற சமயம். வெளியே வந்துவிடலாம். நீட்டித்துக்கொண்டால் அந்த ஐ.நா. படையில் காஸாவுக்கு அனுப்புவார்கள். தங்கை கடையநல்லூரில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்துக்கொண்டு மகன் வரட்டும் என்று காத்திருந்தார். பையனுக்குக் கடல் தாண்டிப் போக ஆசை. அம்மா சரி என்றால் போகிறேன் என்று மாமாவிடம் விட்டுவிட்டான். அண்ணாச்சி செங்கோட்டைக்குப் புறப்பட்டார். கோர்ட்டில் எனக்கு வேலை இல்லாததால் நானும் பஸ் ஏறினேன்.

தங்கை அதிகம் பேசுகிறவர் இல்லை. எங்களுக்கு இலை போட்டுவிட்டு, பரிமாறிக்கொண்டே, சண்டை நடக்கிற இடத்துக்குப் பிள்ளையை ஏன் அனுப்ப வேண்டும் என்று கேட்டார். அது சண்டை நடக்கிற இடம் இல்லை, சண்டை நடக்காமல் பார்த்துக்கொள்கிற இடம் என்றார் அண்ணாச்சி. பத்து வருஷமாக அங்கே பெரிய சண்டை இல்லை என்றார். நீலத் தொப்பி போட்டவன்மேல் கை வைத்தால் உலகமே கேள்வி கேட்கும் என்றார்.

‘அதெல்லாம் எனக்குத் தெரியாது. பத்திரமா இருப்பானா, அதச் சொல்லு.’

‘இந்தத் தெருவ விடப் பத்திரம், ஏட்டி.’

தங்கை ரசம் ஊற்றினார். ‘நீ சொன்னாச் சரி’ என்றார். அவ்வளவுதான். கல்யாணப் பேச்சு இப்போது வேண்டாம் என்று கடையநல்லூருக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பையன் போய்ச் சேர்ந்து, அங்கே எல்லை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, நீளமாக ஓர் உழவுசால்தான், ஆடுகள் இஷ்டத்துக்குத் தாண்டுகின்றன, நாங்கள் ஆடுகளைத் திருப்பி அனுப்புகிறோம் என்று எழுதினான். அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. ‘பாத்தீரா வே, அங்கனயும் வரப்புத் தகராறுதான். நம்ம தொழில்தான்’ என்று கோர்ட்டு வராந்தாவில் ஒவ்வொருவரையும் நிறுத்திச் சொன்னார்.

மறு வருஷம் மே மாதம், எகிப்து அந்தப் படையைக் கிளம்பச் சொல்லிவிட்டது. கோடை விடுமுறை என்றாலும் வக்கீல்கள் அறையில் வழக்கமான கூட்டம், வீட்டில் மின்விசிறி இல்லாதவர்கள் எல்லாம். போகச் சொன்னால் போய்விட வேண்டியதுதானா, நிற்கப் போனவன் நிற்க வேண்டாமா என்று எல்லோரும் அண்ணாச்சியைத்தான் கேட்டார்கள். அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. சம்மதத்தின்பேரில் நுழைந்தவன் சம்மதம் போனால் வெளியேற வேண்டும், இல்லையென்றால் அவனே ஆக்கிரமிப்பாளன் என்றார். கோட்டின் அந்தப் பக்கம் போய் நிற்கலாமே என்று ஒருவர் கேட்டார். ஐ.நா. அதையும் கேட்டுப் பார்த்தது, இஸ்ரேல் வேண்டாம் என்றது. தீர்ப்பு பிசகில்லாத தீர்ப்பு. மருமகன் வீடு திரும்பப் போகிறான் என்ற சந்தோஷமும் அதில் இருந்தது. படை எல்லைக்கோட்டை விட்டுப் பின்வாங்கி, முகாமில் கப்பலுக்குக் காத்திருந்தது. ஜூன் பிறந்ததும் இஸ்ரேலின் தாக்குதலோடு யுத்தம் தொடங்கிவிட்டது.

குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்த வாரம் அது. பத்திரிகையில் காஸாவில் இந்தியச் சிப்பாய்கள் சிலர் இறந்தார்கள் என்று வந்தது. பெயர்கள் வரவில்லை. நான் பத்திரிகையை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அவர் ஏற்கெனவே படித்திருந்தார். தங்கையும் முதல் பஸ்ஸில் வந்து முன்கட்டில் உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சியின் மனைவி கொடுத்த காப்பியை அவர் தொடவில்லை. அண்ணாச்சி டம்ளரை எடுத்துத் தங்கையின் கையில் கொடுத்து, சர்வதேசச் சட்டப்படி அந்தப் படைக்கு உள்ள பாதுகாப்புகளைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நாலு வார்த்தை சொல்லியிருப்பார். டம்ளர் அவர் நெற்றியில் வந்து விழுந்தது.

கன்னத்தில் காப்பி வழிந்தது. புருவத்துக்குமேல் பித்தளை விளிம்பு பட்ட இடம் தடித்து எழும்பியது. அண்ணன்மேல் ஒரு சுடுசொல் வீசியிராத தங்கை, வீசிய கையைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் ஏதோ சமாதானம் சொல்ல எழுந்தேன். அண்ணாச்சி என்னைக் கையமர்த்தினார்.

‘சும்மா இரும் வே. இதுல மூணுக்கும் ஆமாந்தான்.’

அன்றிலிருந்து அண்ணன் வீட்டிலேயே தங்கியிருந்தும் தங்கை அவரோடு நேராகப் பேசவில்லை. எங்கள் ஊர்ப்பக்கத்து வீடுகளில் இது தெரிந்த விஷயம்தான். ஒரே அறையில் இருப்பார்கள், ஒரே ரேடியோவைக் கேட்பார்கள், பேச்சு மட்டும் மூன்றாம் ஆள் வழியாகப் போகும். மூன்றாம் ஆளாகப் பெரும்பாலும் நான் இருந்தேன். ‘மெட்ராஸ் பட்டாள ஆபீஸுக்குத் தந்தி கொடுத்தாச்சான்னு கேளுங்க தம்பி’ என்று தங்கை என்னிடம் சொல்வார். கொடுத்தாயிற்று என்று அண்ணாச்சி என்னிடம் சொல்வார். இரண்டு பேருக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். நடுவில் நிற்பவனுக்கு இரண்டு பக்கத்துச் சூடும் படும் என்பதை எந்தப் புத்தகமும் படிக்காமல் தெரிந்துகொண்டேன்.

யுத்தம் முடிந்தும் பையனைப் பற்றித் தகவல் இல்லை. அந்த நாட்களில்தான் சுந்தரபாண்டியபுரத்துச் சம்சாரி வந்தார். பையன் விஷயம் அவருக்குத் தெரியாது. தண்டனையை எப்போதோ அனுபவித்துவிட்டு வந்திருந்தவர், டீக்கடை ரேடியோவில் கேட்டதைக் கேட்டபடி மனசில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். உள்ளே தங்கை இருப்பது அவருக்குத் தெரியாது. நான் சைகை காட்டினேன், கவனிக்கவில்லை.

‘ஒரு சந்தேகம் அண்ணாச்சி. அங்கன ஒருத்தன், அவன் அடிக்கப் போறான், நான் முந்திக்கிட்டேம்னு அடிச்சான். ஆறே நாள்ல செயிச்சிட்டானாம், ஊரே கைதட்டுது. நானும் அதத்தான செஞ்சேன். எனக்கு ஆறு மாசம் எதுக்கு?’

அண்ணாச்சி விரலை நீட்டாமல் பதில் சொன்னார். எதிரிப் படை எல்லையில் குவிந்தது உண்மை, கப்பல் பாதையை மறித்தது உண்மை, அழித்துவிடுவோம் என்று பேசியதும் உண்மை. கம்பு சீவியதைவிடப் பெரிய ஆபத்துதான். வாசல் வரை வந்துவிட்டது என்று அவர்களுக்காகவும் ஒரு நல்ல வக்கீல் வாதாடலாம். ஆனால் வேறு வழி தீர்ந்துவிட்டதா என்பதை யார் விசாரிப்பது? அங்கே நின்றவர்களைத்தான் அகற்றியாயிற்றே. இதையெல்லாம் சம்சாரிக்குப் புரிகிற பேச்சில் சொல்லிவிட்டு, ‘ஒமக்கு மேல ஒரு ஜட்ஜ் இருந்தாரு வே, அவனுக்கு இல்ல. வித்தியாசம் அதுதான்’ என்றார்.

‘அது எனக்கு நஷ்டம்லா?’

‘ஒமக்கு நஷ்டம்தான். கை முறிஞ்சவனக் கேட்டுப் பாரும்.’

சம்சாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பக்கத்து வயல்காரருக்கு இன்னும் அந்தக் கையால் மண்வெட்டி பிடிக்க முடியவில்லை என்று சம்பந்தமில்லாமல் சொல்லிவிட்டு எழுந்து போனார். உள்ளே தங்கை எதையோ கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

மறுவாரம் தந்தி வந்தது. பையன் உயிரோடு இருந்தான். காயமும் இல்லை. தங்கை தந்தியை என்னிடம் கொடுத்து இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். அண்ணாச்சியும் அங்கேதான் நின்றார். அவருக்கும் சேர்த்துத்தான் படித்தேன்.

ஆவணி பிறப்பதற்கு முன் பையன் விடுப்பில் வந்தான். கறுத்து, அரையாளாக இருந்தான். நாங்கள் எல்லோரும் ஐந்தருவிக்குப் போனோம். குளித்துவிட்டு, ஒரு பஜ்ஜிக் கடையின் கீற்றுக்கொட்டகைக்குள் ஒதுங்கினோம். வெளியே தூறிக்கொண்டிருந்தது. எப்படிக் கேட்பது என்று நாங்கள் முழித்துக்கொண்டிருக்க, பையனே சொன்னான். துப்பாக்கியெல்லாம் துடைத்துப் பெட்டியில் அடுக்கியாயிற்றாம். முகாம் மாறுவதற்காக லாரிகள் வரிசையாகப் போயினவாம். எல்லாம் வெள்ளைப் பெயின்ட் அடித்தவை. விமானம் வந்தது. யாருடையது என்று பார்க்க நேரம் இல்லை, இஸ்ரேலுடையது என்று அப்புறம் சொன்னார்கள். இவன் லாரிக்கு அடியில் போய் விழுந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பஞ்சாப்காரன் விழவில்லை.

‘திருப்பிச் சுட ஒங்களுக்கு உத்தரவு உண்டுல்லா?’ என்று கேட்டார் அண்ணாச்சி. கேட்டதும் அவருக்கே முகம் சுண்டிவிட்டது.

‘உத்தரவு ஞாபகம் வரல மாமா. காலைல சேவிங் பண்ண அவங்கிட்ட ஒரு பிளேடு வாங்குனேன். அதத் திருப்பிக் கொடுக்கலியேன்னு மட்டுந்தான் நெனப்பு.’

எண்ணெயில் பஜ்ஜி போடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணாச்சி தலைதுவட்டிய துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு பையனைப் பார்த்து, ஆனால் தங்கைக்குக் கேட்கும்படி சொன்னார். பின்வாங்கிப் போகிறவன்மேல் போட்ட அந்தக் குண்டுக்கு எந்தச் சட்டத்திலும் நியாயம் இல்லை. அதைச் சொல்ல அவருக்குத் தயக்கம் இல்லை. படையைப் போகச் சொன்னவன் சட்டப்படிதான் சொன்னான். சட்டப்படியான காரியத்தைச் செய்தே ஒருவன் சண்டைக்குக் கதவைத் திறந்துவிடலாம். சம்மதம் போனால் வெளியேற வேண்டும் என்று தான் சொன்னதும் சரிதான். நூறு தடவை கேட்டாலும் அதைத்தான் சொல்லுவார்.

‘பத்திரம்னு சொன்னேம் பாரு. அது மட்டும் சட்டத்துல எங்கயும் இல்ல. அது நானாச் சேத்துக்கிட்டது.’

தங்கை பஜ்ஜியைப் பிய்த்துக்கொண்டிருந்தார், சாப்பிடவில்லை. மகனிடம், ‘அன்னைக்கே ஏன் இதச் சொல்லலன்னு கேளுலே’ என்றார்.

பையன் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

‘சொல்லியிருந்தா நீ அனுப்பியிருக்க மாட்ட’ என்றார் அண்ணாச்சி. இந்தத் தடவை அவர் பையன் பக்கம் திரும்பவில்லை. ‘நம்ம வீட்டுலேருந்து ஒருத்தன் அந்தக் கோட்டுல நிக்கணும்னு எனக்கு ஆசையா இருந்துது. பத்து வருசமா ஊருக்கெல்லாம் சொன்னேன். எனக்குன்னு ஒருத்தன் அங்கன நிக்கட்டும்னு நெனச்சேன்.’

தன் மடியில் உட்கார்ந்து வளர்ந்த பிள்ளையை ஒரு வாதத்துக்காக அனுப்பிவைத்த மனிதர். இருபது வருஷம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவரைப் பார்த்தவன் நான். யாருக்கும் ஓர் அடி கூடுதலாக விழக் கூடாது என்று தன் சைக்கிளைத் திருடியவனுக்காக உதை வாங்கியவரையும் இவரையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க அன்று எனக்கு முடியவில்லை. இப்போதும் சில நாள் முடிகிறது, சில நாள் முடிவதில்லை. தங்கை பஜ்ஜியை இலையிலேயே வைத்துவிட்டு எழுந்தார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பையன் விடுப்பு முடிந்து கிளம்பினான். ஒப்பந்தத்தில் இன்னும் காலம் பாக்கி இருந்தது. தென்காசி ஸ்டேஷனில் சாயங்கால வண்டிக்குக் காத்திருந்தோம். பெஞ்சில் தங்கை, பக்கத்தில் முறுக்கும் அதிரசமும் வைத்துக் கட்டிய கூடை. பையன் ட்ரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். நானும் அண்ணாச்சியும் நின்றோம். இந்தத் தடவை அவனை வடக்கே சீன எல்லைப் பக்கம் போட்டிருந்தார்கள். அதை என் வழியாகத் தங்கைக்குச் சொல்லியாகிவிட்டது.

கைகாட்டி மரம் இறங்கியது. தங்கை தலையை நிமிர்த்தினார்.

‘அண்ணே, அங்கன எப்படி? பத்திரமா இருப்பானா?’

நேராகக் கேட்டார். பழக்கதோஷத்தில் நான் அண்ணாச்சி பக்கம் திரும்பி வாயைத் திறந்தேன். தங்கை என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

அண்ணாச்சியின் கை கோட்டுப் பைக்குப் போயிற்று. சீனாவுக்கும் நமக்கும் உள்ள எல்லைக்கோட்டைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றும் கிடையாது. எந்த வருஷம் யார் வரைந்தார்கள், எந்தப் பக்கம் ஒப்புக்கொண்டது, எது கையெழுத்துப் போடவில்லை என்று ரயில் திருநெல்வேலி போய்ச் சேரும்வரை சொல்லக்கூடியவர். கை வெறுமனே வெளியே வந்தது.

‘தெரியல தாயி’ என்றார்.

தங்கை கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, பெஞ்சில் இடம் விட்டார். அண்ணாச்சி உட்கார்ந்தார்.